வழி சொல்லும் திரை

நுழையும்முன்

வழி கேட்பதும் வழி சொல்வதும் மனித வாழ்வின் பழமையான உறவுகளுள் ஒன்று. இன்று அவ்வழியைத் திறன்பேசியின் திரை சொல்கிறது. எந்தச் சாலையில் நெரிசல், எந்தச் சாலை விரைவு என்பதை நொடிக்கு நொடி வண்ணமிட்டுக் காட்டுகிறது. இந்த நிகழ்நேரச் செய்தியால் சரக்கு லாரி ஓட்டுநரின் வழித்தேர்வு எவ்வாறு மாறியுள்ளது, அம்மாற்றத்தில் ஆதாயம் யாருக்கு, இடர் யாருக்கு என்பதைத் திண்டுக்கல் சமவெளியின் சாலைகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் ஒரு வழித்தேர்வு நிகழ்கிறது. மதுரை நோக்கி நடக்கும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மாங்காட்டு மறையோனைச் சந்திக்கின்றனர். அவன் பாண்டிய நாட்டின் வழியாக வந்தவன். கொடும்பாளூரை அடுத்து வழி சூலத்தின் கிளைகள்போல் மூன்றாகப் பிரியும் என்று கூறி, ஒவ்வொன்றின் இயல்பையும் அவன் விரித்துரைக்கிறான். வலப்புற வழியில் முதலில் வறண்ட நிலத்து மரங்கள் வரும். அப்பால் வாழையும் கமுகும் தெங்கும் பலாவும் சூழ்ந்த சிறுமலை தோன்றும். இடப்புற வழியில் திருமால் குன்றமும் வியத்தகு பொய்கைகளும் உள்ளன. இடைப்பட்ட வழியோ செல்லத் தக்கது. ஆனால் அங்கே வழிப்போக்கரை மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு. இவற்றைக் கேட்டவர்கள் எண்ணிப் பார்த்து இடைவழியைத் தேர்ந்தனர்.

அம்மறையோன் எந்த வழி குறுகியது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. நிழல், நீர், நிலம், அச்சம், ஆசை என வழியிலுள்ள அனைத்தையும் எடுத்துக்கூறினான். முடிவெடுக்கும் உரிமை கேட்டவர்களிடமே இருந்தது. அவன் குறிப்பிட்ட சிறுமலையின் அடிவாரச் சமவெளியில் இன்று ஓடும் லாரிகளுக்கும் வழி சொல்லப்படுகிறது. ஆனால் சொல்லும் முறையும், சொல்லப்படும் பொருளும், முடிவெடுப்பவரும் மாறிவிட்டனர்.

சாலைகள் கூடும் ஊர்

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கரூரிலிருந்து வேடசந்தூர் வழியே திண்டுக்கல்லை அடைந்து, சின்னாளபட்டி, கொடைரோடு கடந்து மதுரைக்குச் செல்கிறது. கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி, பழனி, ஒட்டன்சத்திரம் வழியே வரும் 83ஆம் எண் சாலை இங்கிருந்து திருச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நீள்கிறது. தேனி, குமுளி வழியே கேரளம் புகும் 183ஆம் எண் சாலை இங்கேதான் தொடங்குகிறது. நத்தம் செல்லும் சாலையும் உண்டு. வேடசந்தூர் நூற்பாலைகளுக்குப் பஞ்சுப்பொதி ஏற்றி வெளிமாநில லாரிகள் வருகின்றன. நூல் ஏற்றிய லாரிகள் புறப்படுகின்றன. ஒட்டன்சத்திரம் சந்தையில் மாலைப்பொழுதில் ஏற்றப்படும் காய்கறி, மறுநாள் விடியலில் கேரளச் சந்தைகளை எட்டியாக வேண்டும். நிலக்கோட்டைப் பூவுக்கோ அவ்வளவு நேரங்கூடக் கிடையாது. எனவே எந்த வழியில் செல்வது என்னும் கேள்வி இம்மாவட்டத்தில் அன்றாடப் பிழைப்பைச் சார்ந்தது.

திரையில் தெரியும் வண்ணங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும். சாலையில் செல்வோரின் திறன்பேசிகள் தாம் இருக்கும் இடத்தை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஒரு சாலைப் பகுதியை அப்பேசிகள் எவ்வளவு நேரத்தில் கடக்கின்றன என்பதைக் கொண்டு அங்குள்ள வேகம் கணிக்கப்படுகிறது. அதே கிழமையில், அதே நேரத்தில் அச்சாலை வழக்கமாக எப்படியிருக்கும் என்னும் பழைய பதிவும் சேர்க்கப்படுகிறது. வேகம் குறைந்தால் சிவப்பு, இயல்பாயின் பச்சை. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் சைமன் வெக்கர்ட் என்னும் ஜெர்மானியக் கலைஞர் ஒரு செயல்விளக்கத்தை வெளியிட்டார். 99 திறன்பேசிகளைச் சிறு கைவண்டியில் அடுக்கி, பெர்லின் நகரத்தின் வெறிச்சோடிய தெருவில் மெல்ல இழுத்துச் சென்றார். கூகுள் வரைபடத்தில் அத்தெரு சிவப்பாகிவிட்டது. வண்டிகளே இல்லாத தெருவில் நெரிசல் தோன்றியது! திரை பார்ப்பது சாலையை அன்று. சாலையில் நகரும் பேசிகளை மட்டுமே. பேசிகள் ஏன் மெல்ல நகர்கின்றன என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

இதனால் இச்செய்தியே பயனற்றது என்று கொள்வது தவறு. குசராத்திலிருந்தோ தெலங்கானாவிலிருந்தோ பஞ்சு ஏற்றி வரும் ஓட்டுநர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. வேடசந்தூரைத் தாண்டி உள்ளே எங்கோ இருக்கும் ஆலைக்கு அவர் நள்ளிரவில் வந்துசேர வேண்டும். வழி கேட்கலாமென்றால் தெருவில் ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் மொழி இல்லை. அவர் தாய்மொழியில் திரும்பும் இடத்தைச் சொல்லும் செயலி அவருக்குப் பெருந்துணை. முன்னே விபத்து நேர்ந்து சாலை அடைபட்டிருப்பதை 20 கிலோமீட்டருக்கு முன்பே அறிந்தால், அவர் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கி உணவருந்தி உறங்கி எழலாம். நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து டீசலை எரிப்பதைவிட அது மேலன்றோ? நிகழ்நேரச் செய்தியின் நல்ல பயன்களுள் ஒன்று வழியை மாற்றுவதைவிட, புறப்படும் நேரத்தையும் நிற்கும் இடத்தையும் மாற்றிக்கொள்வதே. இப்பயன் போதிய அளவு பேசப்படுவதில்லை.

கேட்டறிந்த காலம்

செயலிகள் வருவதற்கு முன்னும் ஓட்டுநர்களிடம் நிகழ்நேரச் செய்தி இருந்தது. எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு இருமுறை இமைத்தால், முன்னே ஏதோ உள்ளது என்பது பொருள். இரவுக் கடைகளின் தேநீர்ப் பலகையிலும், லாரி புக்கிங் அலுவலகத்தின் திண்ணையிலும், பஞ்சர் ஒட்டும் கடையிலும் செய்தி கைமாறியது. அச்செய்தியை அளித்தவர் சற்றுமுன் அச்சாலையில் லாரி ஓட்டி வந்தவர். ‘கார் போகும், பாரம் ஏற்றிய வண்டி போகாது’ என்று அவரால் சொல்ல முடிந்தது.

அக்காலத்தில் கேரளம் செல்லும் ஓட்டுநர்கள் மிகுதியாகக் கேட்டறிந்த செய்தி, வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடியில் எத்தனை தொலைவுக்கு வரிசை நிற்கிறது என்பதே. அங்கு மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள் கடந்தும் லாரிகள் காத்துக் கிடந்தன. அந்த வரிசையின் நீளத்தை அறிவதால் ஓட்டுநரின் கவலை கூடியதே அன்றிக் காத்திருப்புக் குறையவில்லை. 2017ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து, வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீக்கப்பட்ட பின்னரே அவ்வரிசை மறைந்தது. பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் இடையிலுள்ள குதிரான் மலைச்சாலையும் அத்தகையதே. பல்லாண்டுகள் நெரிசலுக்குப் பெயர்பெற்றிருந்த அவ்விடத்தில், 2021ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் முதல் சுரங்கவழி திறக்கப்பட்டபோதுதான் லாரிகள் மூச்சுவிட்டன. நெரிசலைப் பற்றிய செய்தி வேறு. நெரிசலை நீக்குதல் வேறு. முன்னது கையிலிருப்பதாலேயே பின்னதைக் கேட்காமலிருக்கும் போக்கு வளர்ந்துவருகிறது. சாலை சிவப்பாக இருந்தால் வேறு சாலையைத் தேடுகிறார்கள்; அது ஏன் நாள்தோறும் சிவப்பாகிறது என்று கேட்பவர் குறைவு.

முடிவு யாருடையது?

வழித்தேர்வைக் குறித்த பேச்சுகளில் ஓட்டுநர் தம் விருப்பப்படி வழியைத் தேர்வதாகவே கொள்ளப்படுகிறது. உண்மை நிலை வேறு. காரில் செல்பவர் நேரத்தை மட்டும் எண்ணினால் போதும். லாரி ஓட்டுநரோ டீசல், சுங்கக் கட்டணம், பாரத்தின் எடை, டயரின் நிலை, வழியில் வண்டி நிறுத்த இடம், தம் உறக்கம் ஆகிய அனைத்தையும் எண்ணுகிறார். இவற்றுள் பணம் தொடர்பானவை அவர் கையில் இல்லை. கரூர்ச் சாலையில் வேலஞ்செட்டியூரிலும் மதுரைச் சாலையில் கொடைரோட்டிலும் சுங்கச்சாவடிகள் உள்ளன. ‘சுங்கம் தவிர்க்க’ என்னும் தெரிவு செயலியிலேயே உண்டு. சுங்கத்தொகை ரொக்கமாகத் தரப்பட்ட காலத்தில், ஊர்ச்சாலை வழியே சுற்றிச்சென்று அத்தொகையை மிச்சப்படுத்த ஓட்டுநருக்கு ஒரு தூண்டுதல் இருந்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி நடுவிலிருந்து பாஸ்டேக் கட்டாயமாயிற்று. பணம் உரிமையாளரின் கணக்கிலிருந்து நேரே கழிகிறது. வண்டி சாவடியைக் கடந்த நேரம் குறுஞ்செய்தியாக அவர் கைக்குச் செல்கிறது. மிச்சப்படுத்தும் தூண்டுதல் ஓட்டுநரிடமிருந்து உரிமையாளருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆனால் குறுகிய ஊர்ச்சாலையில் மின்கம்பி உரசுமோ என்று அஞ்சி ஓட்டும் வேலை இடம்பெயரவில்லை.

வண்டியில் பொருத்தப்பட்ட இடங்காட்டிக் கருவி இந்நிலையை மேலும் இறுக்குகிறது. சாலையின் வேகத்தைத் திரையில் ஓட்டுநர் பார்க்கிறார். ஓட்டுநரின் வேகத்தை வேறொரு திரையில் உரிமையாளர் பார்க்கிறார். சரக்கு அனுப்பியவரும் பார்க்கிறார். செயலி நான்கு மணி நேரம் என்று கணித்த பயணத்திற்கு ஆறு மணி நேரம் ஆனால், அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர் விடையளிக்க வேண்டும். அக்கணிப்பு எவர் வேகத்தை அடிப்படையாகக் கொண்டது என்று எவரும் கேட்பதில்லை. பரவலாகப் புழங்கும் இலவச வரைபடங்கள் காரையும் இருசக்கர வாகனத்தையும் மனத்திற்கொண்டு வழி சொல்பவை. சரக்கு வாகனத்திலோ மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் அவ்வேகத்தில் பாதியைக்கூட எட்டாது. காருக்குரிய நேரத்தை லாரிக்கு அளவுகோலாக்கினால், இடைப்பட்ட நேரத்தை ஓட்டுநர் தம் உறக்கத்திலிருந்துதான் எடுத்துத்தர வேண்டியிருக்கும்.

சட்டம் இதற்குத் துணைநிற்கிறதா? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே, நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று பணிநேரத்தை வரையறுத்தது. நெடும்பயணங்களுக்குச் சில தளர்வுகளும் அதில் இருந்தன. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்தியது. ஓரிரு லாரிகளை மட்டுமே வைத்திருப்பவர்கள் மலிந்த ஒரு தொழிலில், பெரும்பாலோர் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர். தேசிய உரிமம் பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018இல் நீக்கப்பட்டது. கிளீனர் இன்றி ஓட்டுநர் தனியே செல்லும் லாரிகள் பெருகிவிட்டன. முன்பு இறங்கி வழி கேட்டவர் கிளீனர். சந்தில் மாட்டிக்கொண்ட வண்டியின் பின்னே நின்று, டார்ச் அடித்து, ‘வா, வா, நில்’ என்று குரல் கொடுத்தவரும் அவரே. வழி கேட்கும் வேலையைத் திறன்பேசி எடுத்துக்கொண்டது. பின்னே நிற்பதற்கு ஆளில்லை.

ஊர்ச்சாலையின் கணக்கு

நெடுஞ்சாலை சிவப்பாகும்போது செயலி மாற்றுவழி காட்டுகிறது. அம்மாற்றுவழி பெரும்பாலும் ஓர் ஊரின் நடுவே செல்லும் சாலை. அங்கே பேசிகள் குறைவாதலால் தடையும் குறைவாகவே தெரியும். பள்ளி விடும் நேரம், களத்தில் காயும் சோளம், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, திருவிழாவுக்குக் கட்டிய பந்தல், சாலையோரம் கட்டிய ஆடு ஆகியவற்றுக்குத் திரையில் வண்ணம் இல்லை. இருப்புப்பாதையின் கீழே செல்லும் சுரங்கப்பாதையைக் கார் எளிதில் கடக்கும். பஞ்சுப்பொதியை உயர அடுக்கிய லாரி அதன் வாயிலில் நின்றுவிடும். அங்கிருந்து ஒற்றை ஆளாக அவ்வண்டியைப் பின்னோக்கி எடுப்பது எத்தகைய துன்பம் என்பதை, பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரின் உடைந்த மூலை சொல்லும்.

இதில் கணிதம் சார்ந்த நுட்பமும் ஒன்றுண்டு. 1952இல் ஜான் கிளென் வார்டுராப் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், ஒவ்வோர் ஓட்டுநரும் தமக்கு விரைவான வழியையே நாடினால் என்ன நேரும் என்று ஆராய்ந்தார். நெரிசலான வழியிலிருந்து விலகியோர் மாற்றுவழியை நிரப்ப, இறுதியில் பயன்படும் எல்லா வழிகளிலும் ஒரே நேரம் பிடிக்கும் நிலை வரும் என்றார். தனித்தனியே சிறந்ததைத் தேர்ந்த இந்நிலை, அனைவருக்கும் சேர்த்துச் சிறந்ததாக இருக்கவேண்டியதில்லை. 1968இல் தீட்ரிக் பிரேஸ் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார். ஒரு சாலை வலையில் புதிய வழியொன்றைச் சேர்ப்பதாலேயே, சில சூழல்களில் அனைவரின் பயண நேரமும் கூடிவிடும். முன்பு மாற்றுவழியை அறிந்தவர்கள் உள்ளூர்க்காரர்களும் பழுத்த ஓட்டுநர்களும் மட்டுமே. அவர்கள் எண்ணிக்கை சிறிது. ஊர்ச்சாலை அதைத் தாங்கியது. இன்று அவ்வழி எல்லாத் திரைகளிலும் ஒரே வேளையில் தோன்றுகிறது. ஒருவருக்குத் தெரிந்த குறுக்குவழி குறுக்குவழியாகும். ஓராயிரம் பேருக்குத் தெரிந்தால் அது மற்றொரு நெரிசல்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் அருகே லியோனியா என்னும் சிற்றூர் உள்ளது. செயலிகள் காட்டிய குறுக்குவழிகளால் குடியிருப்புத் தெருக்கள் திணறவே, 2018ஆம் ஆண்டு சனவரியில் அவ்வூர் நிருவாகம் ஏறத்தாழ 60 தெருக்களை நெரிசல் நேரங்களில் வெளியூர் வாகனங்களுக்கு மூடியது. அத்தடை நீதிமன்றம் வரை சென்று செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. பணம்படைத்த நாட்டின் ஊருக்கே இந்நிலை. இங்குள்ள ஊராட்சி ஒன்று தன் சாலை வரைபடத்தில் காட்டப்படுவதை எவரிடம் சென்று முறையிடும்? ‘கனரக வாகனங்கள் செல்லக்கூடாது’ என்று தமிழில் எழுதி வைத்த பலகையை, வழி தேடி வந்த வெளிமாநில ஓட்டுநர் படிக்கவும் இயலாது.

தவறான வழியின் விலை சுற்றுச்சுவரோடு நிற்பதில்லை. 2023ஆம் ஆண்டு அக்டோபரில், மழை கொட்டிய இரவொன்றில், வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றியதாகக் கூறப்படும் கார் ஒன்று எர்ணாகுளம் மாவட்டத்தில் ஆற்றில் பாய்ந்து இரண்டு இளம் மருத்துவர்கள் உயிரிழந்தனர். 2024ஆம் ஆண்டு நவம்பரில், உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கை ஆற்றின்மேல் முழுமையுறாது நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். பாலம் முடிவுறவில்லை என்பது அரசுத்துறைக்குத் தெரியும். சுற்றுப்புற ஊர்களுக்குத் தெரியும். திரைக்கு மட்டும் தெரியவில்லை. செயலியை மட்டும் பழிப்பது இங்கு எளிது. தடுப்பு வைக்காத சாலையும், செய்தி சொல்லாத அலுவலகமும் அதில் பங்குடையவை.

லாரிக்கு வேறுவகை இடரும் உண்டு. பெங்களூரிலிருந்து திண்டுக்கல் திரும்பும் வண்டி, தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர்க் கணவாயில் இறங்க வேண்டும். பாரவண்டிகள் தடையிழந்து மோதும் விபத்துகளால் அவ்விடம் பெயர்பெற்றுவிட்டது. திரையில் அப்பகுதி பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். பச்சை என்றால் விரைவு என்பதே பொருள்; இறக்கத்தில் பாரவண்டிக்கு விரைவுதான் பகை. ‘இங்கே கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியிலேயே இறங்கு’ என்று ஒரு மூத்த ஓட்டுநர் சொல்வதைப் போன்ற செய்தி அவ்வண்ணத்தில் அடங்காது.

மலையும் கால்நடைப் பயணமும்

காய்கறி லாரிகளின் குமுளி வழியை எடுத்துக்கொள்ளலாம். செம்பட்டி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம் கடந்து கேரளத்துக்குள் ஏற இரு மலைச்சாலைகள் அருகருகே உள்ளன. ஒன்று குமுளிக்கும் மற்றொன்று கம்பம்மெட்டுக்கும் செல்வது. சபரிமலை மண்டல, மகரவிளக்குக் காலத்தில் பக்தர்களின் வாகனங்கள் பெருகுவதால், கம்பம்மெட்டு வழியே ஏறிக் குமுளி வழியே இறங்கும்படி காவல்துறை ஒருவழிப் போக்குவரத்தை நடைமுறைப்படுத்துவது வழக்கம். அவ்வாணை நாளிதழில் வரும். சாலை பிரியும் இடத்தில் நிற்கும் காவலருக்குத் தெரியும். வெண்டையும் முருங்கையும் ஏற்றி நள்ளிரவில் வரும் ஓட்டுநருக்கு, அவர் அக்காவலரின் கைகாட்டலைக் காணும்போதுதான் பலவேளைகளில் தெரியவரும். திரையைப் பார்த்து அவர் போட்ட நேரக்கணக்கு அங்கேயே கலைந்துபோகும்.

தைப்பூசத்தின்போது திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலை வேறொரு சாலையாகிவிடுகிறது. நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல்லைக் கடந்து பழனிக்கு நடக்கும் மரபு நூற்றாண்டுகள் பழமையானது. அவர்களோடு தென்மாவட்டங்களின் எண்ணற்ற ஊர்களிலிருந்து மஞ்சளாடையும் பச்சையாடையும் உடுத்தோர் இரவும் பகலும் நடக்கின்றனர். சில பகுதிகளில் அவர்களுக்கெனத் தனி நடைபாதை உண்டு; இல்லாத இடங்களில் தார்ச்சாலையின் ஓரமே பாதை. பகல் வெயிலுக்கு அஞ்சிப் பின்னிரவில் நடப்போர் மிகுதி. அதே பின்னிரவில் காய்கறி லாரிகளும் விரைகின்றன. அந்நேரம் கார்கள் குறைவு. போக்குவரத்து தடையின்றி ஓடுகிறது. திரையில் சாலை பச்சையாக இருக்கக்கூடும். வேகம் குறைய வேண்டிய இரவில் விரைந்து போகலாம் என்னும் செய்தி கிடைக்கிறது. உள்ளூர் ஓட்டுநர் நாட்காட்டியைப் பார்த்தே வேகத்தைக் குறைப்பார், அல்லது வேறு வழியில் செல்வார். வெளிமாநில ஓட்டுநர் பூசம் என்பதை எங்ஙனம் அறிவார்?

செய்ய வேண்டுவன

செயலியைக் கைவிடுமாறு ஓட்டுநருக்கு அறிவுரை கூறுவதால் பயனில்லை. அது நியாயமும் அன்று. 2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல், கவனம் சிதறாதபடி வழி அறிவதற்கு மட்டும் திறன்பேசியைப் பயன்படுத்துவதை மோட்டார் வாகன விதிகளே ஏற்றுக்கொண்டுள்ளன. குறை, செய்தி மிகுதியாக இருப்பதன்று. லாரிக்கு வேண்டிய செய்தி அதில் இல்லாமையே. பாலத்தின் தாங்கெடை நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளது. சுரங்கப்பாதையின் உயரமும் கடவுப்பாதை மூடும் நேரமும் இரயில்வேயிடம் உள்ளன. வழிமாற்ற ஆணை காவல்துறையிடமும், லாரி நிறுத்த இடமுண்டா என்பது சந்தை நிருவாகத்திடமும் உள்ளன. இவை அனைத்தும் மக்கள் பணத்தில் திரட்டப்பட்ட செய்திகள். இவற்றை எந்தச் செயலியும் எடுத்தாளக்கூடிய வடிவில் உடனுக்குடன் வெளியிடுவது அரசின் கடமையாக்கப்பட வேண்டும். வாகனத்தின் உயரம், எடை, நீளம் ஆகியவற்றைக் கேட்டு வழி சொல்லும் செயலிகள் வெளிநாடுகளில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. 2024இல் கூகுள் நிறுவனம் இந்தியாவின் எட்டு நகரங்களில், குறுகிய தெருக்களைத் தவிர்த்துக் கார்களுக்கு வழிகாட்டும் வசதியை அறிவித்தது. சென்னையும் கோயம்புத்தூரும் அவற்றுள் அடங்கும். நகரத்துக் காருக்குச் செய்ய முடிந்ததை ஒட்டன்சத்திரத்து லாரிக்கும் செய்ய முடியும். அதைக் கேட்கும் குரல்தான் இன்னும் வலுவாக எழவில்லை.

இதனினும் கடினமானது, முடிவெடுக்கும் உரிமையைப் பற்றிய கேள்வி. செயலியின் நேரக்கணிப்பைத் தாமதத்துக்குச் சான்றாகக் காட்டி ஓட்டுநரின் கூலியைப் பிடிக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் தடுக்கப்பட வேண்டும். உறக்கம் வருகிறது என்று வண்டியை ஓரங்கட்டிய ஓட்டுநரை, இடங்காட்டிக் கருவியைப் பார்த்துத் தொலைபேசியில் எழுப்புவது அவர் உயிரோடு விளையாடுவதாகும்; எதிரே வருவோர் உயிரோடும்தான். ஒற்றை லாரி ஓட்டுநருக்கும் பணிநேரச் சட்டத்தின் காப்பை நீட்டிப்பது காலத்தின் தேவை. நெடுஞ்சாலையில் கழிப்பறையும் காவலும் உள்ள லாரி நிறுத்தங்கள் போதிய இடைவெளியில் அமைந்தால்தான், முன்னே நெரிசல் என்று திரை சொல்லும்போது ஓட்டுநரால் நிற்க முடியும். நிற்க இடமில்லாதவர்க்கு அச்செய்தி ஊர்ச்சாலையைத்தான் காட்டும்.

தைப்பூசத்துக்கான வழிமாற்றத்தை மாவட்ட நிருவாகம் ஆண்டுதோறும் முன்கூட்டியே திட்டமிடுகிறது. எந்தச் சாலையில் எந்த நாள்களில் கனரக வாகனங்கள் செல்லலாகாது, அவை எவ்வழியே திரும்ப வேண்டும் என்பன அதில் இடம்பெறுகின்றன. வேலஞ்செட்டியூரிலும் கொடைரோட்டிலும் சாவடியை நெருங்கும் ஓட்டுநர் பார்க்கும் உயரத்தில், தமிழ், இந்தி, தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளில் அவ்வாணையை ஒளிப்பலகையில் இடலாம். ஒட்டன்சத்திரம் சந்தையின் வாயிலில் பாரம் ஏற்றும் நேரத்தில் அதைச் சொல்லலாம். ஆணை பிறந்த அன்று மாலையே அலுவலர் ஒருவர் அதை வரைபட நிறுவனங்களுக்கு அனுப்பிவைத்தால், வேடசந்தூரில் பஞ்சு இறக்கிவிட்டுப் பழனி வழியே கோயம்புத்தூருக்குப் புறப்படும் வெளிமாநில ஓட்டுநரின் திரையில், அன்றிரவு அச்சாலை பச்சையாகத் தெரியாது.